மண்கல் சுவரும் மழைநீர்த் தொட்டியும்: எங்கள் இளைஞர் கூடம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் இளைஞர் அமைப்பின் புதிய கூடம் திறந்துவிட்டது. அஸ்திவாரம் தோண்டிய நாள் முதல் கட்டிடக் குழுவில் இருந்த என்னிடம் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. வேலியோரம் நின்று கேட்டவர்கள் உண்டு, பிள்ளைகளை அழைத்துப் போக வந்தபோது கேட்ட பெற்றோர் உண்டு, நன்கொடை கொடுத்துவிட்டுக் கேட்டவர்களும் உண்டு. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

பசுமைக் கட்டிடம் என்றால் சுற்றிலும் மரம் வைத்த கட்டிடமா?

மரம் நல்லதுதான். நாங்களும் வைத்திருக்கிறோம். ஆனால் இந்தச் சொல்லை நாங்கள் இரண்டு கணக்குகளாகப் பார்க்கிறோம். முதலாவது கட்டும் கணக்கு. செங்கல் சுடுவது, சிமென்ட் தயாரிப்பது, கம்பி உருக்குவது, இவற்றையெல்லாம் லாரியில் ஏற்றி வருவது என்று கட்டிடம் திறப்பதற்கு முன்பே செலவாகிவிடும் எரிபொருளும் வெளியேறிவிடும் புகையும் இதில் அடங்கும். இரண்டாவது அன்றாடக் கணக்கு. விளக்கு, விசிறி, தண்ணீர், கழிவு என்று திறந்த நாளிலிருந்து தினமும் ஏறிக்கொண்டிருப்பது அது.

இரண்டையும் குறைத்த கட்டிடத்தைத்தான் பசுமைக் கட்டிடம் என்று சொல்ல வேண்டும். கட்டும் கணக்கு ஒரே தடவை எழுதப்படுவது, பிறகு அழிக்க முடியாது. எனவே கட்டிய கட்டிடம் நாள் முழுவதும் பூட்டிக் கிடந்தால், சுவரில் எந்தக் கல்லை வைத்திருந்தாலும் அது வீண்தான். கீழே உள்ள பல பதில்களுக்கு இந்த இரண்டு கணக்குகளே அடிப்படை.

இளைஞர்களுக்கு எதற்குத் தனிக் கட்டிடம்? பள்ளி வகுப்பறைகள் மாலையில் காலியாகத்தானே இருக்கின்றன?

இதைக் கேட்டவரோடு எனக்கு முழு உடன்பாடு. ஏற்கெனவே நிற்கும் கட்டிடத்தைப் பயன்படுத்தினால் கட்டும் கணக்கே கிடையாது. பல ஆண்டுகள் நாங்கள் அப்படித்தான் நடத்தினோம். தேர்வுக் காலம் வந்தால் அறை கிடைக்காது. கருவிகளை வைக்க அலமாரி இல்லை. சாவி வைத்திருப்பவர் ஊரில் இல்லாவிட்டால் அன்றைக்கு வகுப்பும் இல்லை. ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மறுநாள் வந்து தொடரலாம் என்ற நம்பிக்கை பிள்ளைகளுக்கு வரவே இல்லை. அதனால்தான் கட்டினோம்.

ஆனாலும் "கட்டாமலே முடியுமா" என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொள்வது அவசியம். பிரான்சின் போர்தோ நகரில் ஒரு சிறு சதுக்கத்தை அழகுபடுத்தும் பணி 1996-இல் லகத்தோன், வசால் என்ற இரு கட்டிடக் கலைஞர்களிடம் வந்தது. சதுக்கத்தைப் பார்த்துவிட்டு, "இது ஏற்கெனவே அழகாக இருக்கிறது, சரளைக்கல்லை மாற்றி மரங்களைக் கவனித்து அடிக்கடி சுத்தம் செய்தால் போதும்" என்ற கருத்தைத்தான் அவர்கள் தங்கள் திட்டமாகக் கொடுத்தார்கள். அவர்களுக்கே 2021-இல் கட்டிடக் கலையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது. எங்கள் குழுவின் முதல் கூட்டத்தில் இதைப் பற்றித்தான் பேசினோம்.

அங்கே இருந்த பழைய கட்டிடத்தை இடித்துவிட்டுச் சுற்றுச்சூழல் பேசுகிறீர்களே?

முழுவதையும் இடிக்கவில்லை. முன்பகுதியின் சுவர்கள் உறுதியாக இருந்தன, அது இப்போது நூலக அறை. பின்பகுதியில் கம்பி துருப்பிடித்துத் தளம் உதிர்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் உட்காரும் இடத்தின் மேல் அப்படி ஒரு தளத்தை வைத்திருக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

இடித்த செங்கல்லில் பெரும்பகுதியைத் திரும்பப் பயன்படுத்தினோம். அந்தச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டிருந்ததால் இது சாத்தியமானது. சுண்ணாம்புச் சாந்து தட்டினால் உதிர்ந்து செங்கல் முழுதாகக் கையில் வரும். சிமென்ட் சாந்து செங்கல்லைவிட இறுகிப்போவதால், பிரிக்கும்போது பெரும்பாலும் செங்கல்தான் உடைகிறது.

உள்தடுப்புச் சுவர்களை அந்தப் பழைய செங்கல்லால் எலிப்பொறி முறையில் கட்டினோம். செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிமிர்த்தி, நடுவில் வெற்றிடம் விட்டு எழுப்பும் முறை அது. வழக்கமான சுவரைவிட ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சம். இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்த கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் இந்த முறையை அங்கே பரவலாக்கினார்.

சிமென்ட்டைக் குறைத்தோம் என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். சிமென்ட் என்ன, விஷமா?

விஷம் இல்லை, அருமையான பொருள். பிரச்சினை அது பிறக்கும் இடத்தில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் ஏறக்குறைய 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கித்தான் சிமென்ட்டின் மூலப்பொருளைத் தயாரிக்கிறார்கள். அந்தச் சூட்டுக்கு எரிபொருள் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், சுண்ணாம்புக்கல்லே பிரிந்து தனக்குள் இருக்கும் கரியமில வாயுவை விட்டுவிடுகிறது. சிமென்ட் ஆலை வெளியிடும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் இப்படிக் கல்லிலிருந்தே வருவது. எனவே சூளையைச் சூரிய ஒளியிலேயே ஓட்டினாலும் அது நிற்காது. உலகம் முழுவதும் மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமென்ட்டிலிருந்து வருகிறது.

அஸ்திவாரத்திலும் தூண்களிலும் நாங்கள் சிமென்ட்டைப் பயன்படுத்தியிருக்கிறோம். அங்கே பாதுகாப்புதான் முதலில். சுவரிலும் பூச்சிலும் தரையிலும் அதன் தேவை குறைவு, அங்கேதான் குறைத்தோம்.

மண் சுவரா! ஒரு பெருமழை பெய்தால் கரைந்துவிடாதா?

நோட்டில் அதிகத் தடவை எழுதிய கேள்வி இதுதான். இது குழைத்து அப்பிய மண் சுவர் இல்லை. மணலும் களிமண்ணும் சரியான விகிதத்தில் உள்ள மண்ணைச் சலித்து, ஏறக்குறைய 5 சதவீதம் சிமென்ட் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, இரும்பு அச்சில் வைத்து நெம்புகோலால் அழுத்தி எடுத்த கல். சூளையில் சுடுவதில்லை. நான்கு வாரம் நிழலில் வைத்துத் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்துகிறோம். கையால் இயக்கும் இத்தகைய அச்சை 1950-களில் கொலம்பியாவில் ரவுல் ராமிரெஸ் என்ற பொறியாளர் உருவாக்கினார். "சின்வா ராம்" என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது.

மேல்மண்ணை இதற்குத் தொடக் கூடாது. அதில் இலைமக்கும் வேரும் இருக்கும், கல் நிற்காது. அந்த மண்ணைத் தனியே குவித்து வைத்துத் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டோம். அதற்குக் கீழே உள்ள மண்ணைத் தோண்டித்தான் கல் அறுத்தோம். தோண்டிய குழியே இப்போது மழைநீர்த் தொட்டி. மண் வண்டியும் வரவில்லை, தொட்டிக்கென்று தனிக் குழியும் தோண்டவில்லை. இந்தக் கட்டிடத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

மழையைப் பொறுத்தவரை, சுவரைக் காப்பாற்றுபவை கூரையும் அடித்தளமும்தான். கூரையைச் சுவருக்கு வெளியே நன்றாக நீட்டியிருக்கிறோம், தரையிலிருந்து முட்டளவு உயரத்துக்குக் கருங்கல் வைத்திருக்கிறோம். மாலி நாட்டில் ஜென்னே நகரின் பெரிய பள்ளிவாசல் முழுக்க மண்ணால் ஆனது. இப்போதுள்ள கட்டிடம் 1907-இல் எழுந்தது. நகர மக்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடி அதற்குப் புதிதாக மண் பூசுகிறார்கள். கவனித்துக்கொள்ள ஆட்கள் இருந்தால் மண் நிற்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கறையான்?

கறையானுக்கு இரை மரம்தான், மண்கல் இல்லை. ஆனால் மண் வழியாக ஏறி மரத்தை அடையும். ஆகவே எந்த மரச் சட்டமும் தரையைத் தொடாமல் பார்த்துக்கொண்டோம். சுவரோரம் பழைய அட்டைப்பெட்டிகளைக் குவிக்கக் கூடாது என்று அறிவிப்பு எழுதி வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

சுவர் தடிமனாக இருந்தால் உள்ளே குளிர்ச்சி என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. தடித்த சுவர் வெப்பத்தை நிறுத்துவதில்லை, தாமதப்படுத்துகிறது. பகல் முழுவதும் வெயிலில் கிடந்த பாறை மாலையில் தொட்டாலும் சுடுவதைப் போல, மேற்குச் சுவர் வாங்கிய வெயிலை இரவில் உள்ளே தள்ளும். பகலில் மட்டும் நடக்கும் அலுவலகத்துக்கு அது வசதி. எங்கள் கூடத்துக்கு ஆட்கள் வருவதே மாலையில். தடித்த சுவர் என்று மட்டும் நம்பியிருந்தால் ஏமாந்திருப்போம்.

வெயில் மிகுதியாக வாங்குவது கூரைதான், சுவர் அதற்குப் பிறகுதான். மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்க்கினா ஃபாசோவின் காந்தோ கிராமத்தில் கட்டிடக் கலைஞர் பிரான்சிஸ் கேரே தம் ஊர் மக்களோடு சேர்ந்து கட்டிய தொடக்கப் பள்ளி 2001-இல் முடிந்தது. அதில் மண்கல் அறைகளுக்கு மேல் ஒரு தளம், அந்தத் தளத்துக்கு மேல் இடைவெளி விட்டு உயர்த்தி வைத்த தகரக் கூரை. இடையில் காற்று ஓடுகிறது. தகரம் வாங்கும் சூட்டைக் காற்று எடுத்துப் போய்விடுகிறது. எங்கள் கூரைக்கு வழிகாட்டி அதுதான். மேற்குப் பக்கத்தில் மாடிப்படியையும் சாமான் அறையையும் கழிப்பறைகளையும் வைத்து, மாலை வெயிலை அவற்றின் தலையில் ஏற்றிவிட்டோம்.

குளிர்சாதனம் இல்லாமல் நூறு பேர் எப்படி உட்காருவார்கள்?

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடம்பிலிருந்து ஏறக்குறைய 100 வாட் வெப்பம் வெளியேறுகிறது. நூறு பேர் என்றால் 10 கிலோவாட். பெரிய மின் அடுப்புகள் ஐந்தாறு ஒரே அறையில் எரிவதற்குச் சமம். அந்த வெப்பம் வெளியேற வழி இல்லாவிட்டால் எந்தச் சுவரும் உதவாது. அதனால் எதிரெதிர்ச் சுவர்களில் அகலமான ஜன்னல்கள், உயரத்தில் கம்பிவலை போட்ட திறப்புகள். சூடான காற்று மேலேறி அங்கே வெளியேறும், தாழ்வான ஜன்னல்கள் வழியே நிழலின் காற்று உள்ளே வரும்.

மின்விசிறி ஆட்களைத்தான் குளிர்விக்கிறது, அறையை இல்லை. வியர்வை உலரும்போது நமக்குக் குளிர்கிறது, அவ்வளவுதான். ஆளில்லாத அறையில் சுழலும் விசிறி தன் மோட்டார் சூட்டை அறைக்குச் சேர்க்கிறது. இதைப் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு தடவை வெப்பமானி வைத்துக் காட்டினேன். அதன் பிறகு அவர்களே அறை அறையாகப் போய் விசிறியை நிறுத்துகிறார்கள். விசிறிகளும் சாதாரண விசிறியின் பாதிக்கும் குறைவான மின்சாரத்தில் ஓடும் வகை.

கடும் கோடையின் உச்ச நாட்களில் பிற்பகல் நேரம் வசதியாக இருக்காது என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த நாட்களில் நிகழ்ச்சிகளைக் காலைக்கும் இரவுக்கும் மாற்றிவிடுகிறோம்.

கூரையில் சோலார் போட்டுவிட்டீர்கள். இனி மின்கட்டணமே வராது அல்லவா?

வரும், குறையும். நல்ல வெயில் உள்ள இடத்தில் 1 கிலோவாட் சோலார் நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். ஆனால் தகடு பகலில் வேலை செய்கிறது, எங்கள் பிள்ளைகள் மாலையில் வருகிறார்கள். பகலில் மிஞ்சுவதை மின்வாரியக் கம்பிக்கு அனுப்பி இரவில் திரும்ப வாங்குகிறோம். அதற்கு என்ன வரவு வைப்பார்கள் என்ற விதி இடத்துக்கு இடம் மாறும். கட்டுவதற்கு முன்பே அதை விசாரித்துக்கொள்வது நல்லது.

வெயில் ஏற ஏற மின்சாரமும் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒளிதான் வேண்டும், சூடு வேண்டாம். தகடு சூடேறச் சூடேற அதன் திறன் குறைகிறது. ஒரு கிளையின் நிழல் ஒரு தகட்டின் மூலையில் விழுந்தாலும் அதோடு தொடுத்த மற்ற தகடுகளின் மின்சாரமும் குறையக்கூடும். தூசியைத் துடைப்பது வாரவேலைப் பட்டியலில் இருக்கிறது, வெயிலுக்கு முன் காலையில்.

மின்தடை வந்த அன்று நல்ல வெயில். சோலார் இருந்தும் ஏன் இருட்டானது?

திறந்த முதல் வாரத்திலேயே இது நடந்தது, எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். சோலார் தகட்டின் மின்சாரத்தை விளக்குக்கும் விசிறிக்கும் ஏற்றபடி மாற்றித் தரும் கருவி இன்வெர்ட்டர். மின்வாரியக் கம்பியோடு இணைத்த இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் கூரையின் மின்சாரம் கம்பிக்குப் போய், பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளியைத் தாக்கும். அவர் உயிருக்காகத்தான் அந்த ஏற்பாடு.

தடை நேரத்திலும் விளக்கு வேண்டுமானால் பேட்டரியும், கம்பியிலிருந்து தானே துண்டித்துக்கொள்ளும் வகை இன்வெர்ட்டரும் தேவை. முழுக் கூடத்துக்கும் அப்படிச் செய்தால் பேட்டரிச் செலவு கட்டுப்படியாகாது. படிக்கட்டு, கழிப்பறை, வாசல் விளக்குகளுக்கு மட்டும் ஒரு சிறு பேட்டரி வைத்திருக்கிறோம்.

மழைநீர்த் தொட்டி நிரம்புமா? அதைக் குடிக்கலாமா?

கணக்கு எளிது. 100 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 100 லிட்டர். தெறிப்பதும் உறிஞ்சப்படுவதும் போக 80 முதல் 90 லிட்டர் வந்து சேரும். உங்கள் ஊரின் மழையளவு தெரிந்தால் எந்தக் கூரைக்கும் நீங்களே கணக்கிடலாம்.

முதல் மழை கூரையின் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். அது தொட்டிக்குள் போகாதபடி ஒரு திருப்புக்குழாய் இருக்கிறது. அப்படியும் இந்தத் தண்ணீரைக் குடிப்பதற்கு நாங்கள் பயன்படுத்துவதில்லை. கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் தரை கழுவவும்தான். தொட்டி நிரம்பி வழிந்தால் உறிஞ்சுகுழிக்குப் போகும். தொட்டியின் மூடி எப்போதும் பூட்டியிருக்கும், கொசுவலையும் உண்டு. குழந்தைகள் விளையாடும் இடத்தில் திறந்த தொட்டி இருக்கவே கூடாது.

கழிப்பறைக்கு இவ்வளவு யோசித்தீர்களா? அதில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண் பிள்ளைகள் ஒரு இடத்துக்குத் தொடர்ந்து வருவார்களா, மூன்றாம் வாரம் நின்றுவிடுவார்களா என்பதைக் கழிப்பறைதான் முடிவு செய்கிறது. உள்ளிருந்து உறுதியாகப் போடும் தாழ்ப்பாள், நல்ல வெளிச்சம், பையை மாட்ட ஒரு கொக்கி, மூடியுள்ள குப்பைக் கூடை, நிற்காத தண்ணீர், கூடத்தின் நடுவே நடந்து போகாமல் சென்றடையும் வழி. முதல் வரைபடத்தில் இவற்றில் மூன்று இல்லை. எங்கள் பெண் உறுப்பினர்கள் வரைபடத்தின் மேலேயே பென்சிலால் எழுதிக் கொடுத்தார்கள், அப்படியே கட்டினோம்.

கழிவுநீர் மூடிய தொட்டிகளில் தங்கித் தெளிந்து, பிறகு சரளைக்கல் படுகைக்குள் போகிறது. அதில் கல்வாழை நட்டிருக்கிறோம். வேர்களையும் கற்களையும் சுற்றி வாழும் நுண்ணுயிரிகள்தான் உண்மையில் நீரைச் சுத்தம் செய்கின்றன. தண்ணீர் கல்லுக்குக் கீழேயே ஓடுவதால் நாற்றமும் கொசுவும் இல்லை. வெளியே வரும் நீர் மரங்களுக்கு.

சக்கர நாற்காலியில் வருபவர்கள் எல்லா இடத்துக்கும் போக முடியுமா?

தரைத்தளம் முழுவதும் முடியும். சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் இருக்கிறது. அதாவது 50 சென்டிமீட்டர் ஏற 6 மீட்டர் நீளம். கருங்கல் அடித்தளத்தை உயர்த்தியபோது சாய்தளமும் நீண்டுவிட்டது, அதற்காக முன்வாசலையே இடம் மாற்றினோம். கதவுகள் 90 சென்டிமீட்டர் அகலம், கழிப்பறைக்குள் நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் இடம். மாடி அறைக்கு மின்தூக்கி இல்லை. ஆகவே கீழே நடத்த முடியாத எதையும் மேலே நடத்துவதில்லை என்று விதி வைத்திருக்கிறோம்.

பசுமைச் சான்றிதழ் வாங்கினீர்களா?

இல்லை. இங்கிலாந்தின் பிரீயம் 1990-இல் தொடங்கியது, அதற்குப் பிறகு அமெரிக்காவின் லீட், இந்தியாவின் கிருஹா என்று பல முறைகள் வந்தன. நல்ல முறைகள்தான். அவற்றின் சரிபார்ப்புப் பட்டியல்களைப் படித்தே எங்கள் வடிவமைப்பில் பல ஓட்டைகளைக் கண்டுபிடித்தோம். ஆனால் கட்டணத்துக்கும் ஆவணங்களுக்கும் போகும் பணத்தை நிழல் தரும் கூரைக்குச் செலவிட்டோம்.

சான்றிதழுக்குப் பதிலாக வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. மின்சார யூனிட், தண்ணீர் லிட்டர், வந்தவர்கள் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைகளே எழுதுகிறார்கள். மூன்றாவது எண் இல்லாமல் முதல் இரண்டுக்கும் பொருள் இல்லை. யாருமே வராத மாதத்தில் மின்சாரம் மிச்சமாவதில் என்ன இருக்கிறது?

இப்படிக் கட்டினால் செலவு கூடுதலா, குறைவா?

சுவருக்கான பொருள் செலவு குறைந்தது, கூலி கூடியது. மண் சலிக்கவும் கல் அறுக்கவும் பதப்படுத்தவும் ஆட்கள் வேண்டும். பணம் தொழிற்சாலைக்குப் போவதற்குப் பதில் பக்கத்தில் இருப்பவர்கள் கைக்குப் போனது. கூரை, சோலார், கழிவுநீர்ப் படுகை ஆகியவை வழக்கமான கட்டிடத்தைவிடக் கூடுதல் செலவு வைத்தன. காலமும் கூடுதலாக ஆனது. அவசரத்தில் இருப்பவர்களுக்கு மண்கல்லை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிள்ளைகளைக் கட்டிட வேலையில் ஈடுபடுத்தினீர்களாமே? அது சரியா?

சாரத்திலோ இயந்திரத்தின் அருகிலோ சுமை தூக்குவதிலோ பதினெட்டு வயதுக்கு உட்பட்ட ஒருவரும் இல்லை. ஆபத்தான வேலையில் அந்த வயதினரை ஈடுபடுத்தக் கூடாது என்பது 1999-இல் ஏற்கப்பட்ட சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 182-ஆவது உடன்படிக்கை. அது எழுதப்படாமல் இருந்திருந்தாலும் நாங்கள் செய்திருக்க மாட்டோம்.

அவர்கள் செய்தது மண் சோதனை. கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி அசையாமல் வைக்க வேண்டும். மணல் உடனே அடியில் படியும், அதன் மேல் வண்டல், மறுநாளுக்குள் களிமண். அடுக்குகளை அளவுகோலால் அளந்து விகிதம் எழுதினார்கள். மனையின் ஒன்பது மூலைகளிலிருந்து ஒன்பது பாட்டில்கள். எந்த இடத்தில் தோண்டுவது என்று முடிவு செய்தது அந்தப் பாட்டில்களைப் பார்த்துத்தான். பெரிய இளைஞர்கள் கொத்தனாரிடம் கூலிக்கு வேலை செய்து தொழிலும் கற்றார்கள். இலவச உழைப்பு என்ற பெயரில் யாரையும் சுரண்டவில்லை.

உள்ளே பேசினால் ஏன் இப்படி எதிரொலிக்கிறது?

இது எங்கள் தவறு. காற்றுக்கும் வெப்பத்துக்கும் மாதக்கணக்கில் மூளையைக் கசக்கிய நாங்கள் ஒலியை மறந்துவிட்டோம். வழவழப்பான தரை, பூசிய சுவர், உயரமான கூரை, ஒலியை உறிஞ்ச ஒன்றுமே இல்லை. முதல் நாடக ஒத்திகையில் ஒரு வசனமும் புரியவில்லை. நடித்த பிள்ளைகளின் முகம் வாடியதை மறக்க முடியவில்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895-இல் இதே சிக்கல் உள்ள விரிவுரை அரங்கைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் வந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். கட்டிட ஒலியியல் என்ற துறையே அங்கிருந்துதான் வளர்ந்தது. நாங்களும் அதே வழியில் போகிறோம். பின்சுவரில் பழைய துணிகளை அடைத்துத் தைத்த தடித்த பலகைகளைப் பொருத்திவருகிறோம். பாதி முடிந்திருக்கிறது, பேச்சு இப்போது புரிகிறது.

ஜன்னல்களைத் திறந்து வைத்து இரவில் பறை அடித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எப்படித் தூங்குவது?

நியாயமான புகார். காற்று போகும் வழியில் ஒலியும் போகும், இதற்கு மாயத் தீர்வு கிடையாது. இரவு எட்டு மணிக்கு மேல் தாளக் கருவிகள் இல்லை என்று பிள்ளைகளே கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

சாவி யாரிடம் இருக்கும்?

மேலே இருக்கும் எல்லாக் கேள்விகளையும்விட முக்கியமானதாக இதை நினைக்கிறேன். பள்ளி அறைகளில் நாங்கள் பட்ட பாட்டை இரண்டாவது பதிலில் சொன்னேன். புதுக் கட்டிடம் கட்டிவிட்டுச் சாவியை மீண்டும் ஒரு பெரியவரின் இடுப்பில் செருகினால் பழைய கதைதான். இப்போது நான்கு சாவிகள். இரண்டு பதினெட்டு வயது கடந்த இளைஞர்களிடம், ஒன்று செயலாளரிடம், ஒன்று பக்கத்து வீட்டில். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இளைஞர்களின் சாவி கை மாறும். வாங்குபவர் மின்பெட்டியை அணைக்கவும், தண்ணீர் வால்வை மூடவும், தீயணைப்புக் கருவியைப் பயன்படுத்தவும் செய்து காட்டிய பிறகுதான் கையெழுத்திடலாம்.

சிறு வயதினர் உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் பொறுப்பான பெரியவர்கள் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு பூட்டிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. வகுப்பறைக் கதவுகளில் கண்ணாடி வைத்திருப்பது அழகுக்காக இல்லை.

எங்கள் குடும்ப நிகழ்ச்சிக்கு வாடகைக்குத் தருவீர்களா?

பிள்ளைகளின் வகுப்பு இல்லாத நேரத்தில் தருகிறோம். வாடகை முழுவதும் பராமரிப்புக் கணக்குக்குப் போகும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு அனுமதி இல்லை, குப்பையைப் பிரித்து வைத்துவிட்டுப் போக வேண்டும். ஆனால் கட்டும் கணக்கைப் பொறுத்தவரை, கூடம் எவ்வளவு அதிகம் பயன்படுகிறதோ அவ்வளவு நல்லது. தயங்காமல் கேளுங்கள்.

திறப்பு விழா எல்லாம் சரி. ஐந்து வருடத்தில் பாழாகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

நன்கொடையாளர்கள் கட்டுவதற்குத்தான் மனமுவந்து கொடுப்பார்கள், குழாய் மாற்றக் கொடுக்க மாட்டார்கள். அது தெரிந்ததால் வந்த தொகையில் ஒரு பகுதியைத் தொடாமல் பராமரிப்புக்கென்று ஒதுக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினோம். அதற்காக ஒரு அறையைக் கைவிட்டோம். மழைக்காலத்துக்கு முன் கூரை வடிகாலைச் சுத்தம் செய்வது, ஆண்டுக்கு ஒரு தடவை சுவர்ப் பூச்சில் விரிசல் பார்ப்பது, தொட்டிகளில் வண்டல் அள்ளுவது என்று பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயர். வண்டல் அள்ளுவது மட்டும் இயந்திரத்தோடு வரும் ஆட்களின் வேலை, எவரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. மூடிய தொட்டியின் வாயு நொடியில் உயிரைப் பறிக்கும்.

நாளைக்கு உங்கள் குழு கலைந்துவிட்டால், எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்?

பூச்சு வேலைக்கு முன்பு ஒவ்வொரு சுவரையும், பக்கத்தில் அளவு நாடாவை நிறுத்தி வைத்துப் புகைப்படம் எடுத்தோம். படங்களை அச்சிட்டு, எந்தச் சுவர், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் குழாய், எங்கே மின்கம்பி என்று எழுதி ஒரு கோப்பில் சேர்த்திருக்கிறோம். கூரையின் தகரத்தையும் சட்டங்களையும் பற்றவைக்காமல் திருகாணியால் பொருத்தியதால், கழற்ற வேண்டியிருந்தால் எந்த வரிசையில் கழற்றுவது என்பதும் அதில் இருக்கிறது. கோப்பு நூலக அறையின் கீழ்த்தட்டில், குழந்தைகள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. சென்ற வாரம் ஒரு சிறுமி அதைப் பிரித்து வைத்துக்கொண்டு, தான் சாய்ந்திருந்த சுவரில் காதை வைத்துத் தண்ணீர் ஓடும் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.